பம்பரில் நிக்காது

ஜனவரி 6, செவ்வாய்

தேனீப் பெட்டி ஏற்ற மாட்டார்களாம். இன்றைக்கும் ஒரு மினி லாரிக்காரர் கையை விரித்துவிட்டார். போன வருஷம் ஆற்றூர் பக்கம் யாரோ ஏற்றிப்போன பெட்டி வழியில் திறந்துகொண்டு, டிரைவர் முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அது என் பெட்டி இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள். வழக்கமாக ஏற்றிப்போகிற லாரன்ஸ் வண்டியை விற்றுவிட்டு சவுதிக்குப் போய்விட்டான். போகிறவன் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் தளிர் விடும். தளிர்க் காம்பில் ஊறுகிற தேன்தான் எங்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு. அதற்குள் பெட்டி எல்லாவற்றையும் அருமனையிலிருந்து மலைமேல் எஸ்டேட்டில் கொண்டு வைத்தாக வேண்டும். அங்கே எனக்கு இடம் தந்திருப்பது இதுதான் முதல் தடவை. மாசக் கடைசிக்குள் பெட்டி வராவிட்டால் களியல் ஊர்க்காரர் ஒருவர் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார் என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ஓமானில் இத்தனை வருஷம் பெரிய ட்ரெயிலர் லாரி ஓட்டின மனுஷர். போன ஆகஸ்டில் ஒரு போன்கூடப் பண்ணாமல் சூட்கேஸோடு வாசலில் வந்து நின்றார். வேலை போதும் என்றார். அன்றைக்குப் பிடித்து இந்த "ம்" தான். முன்னே எல்லாம் தேவசிங் சிரித்தால் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இப்போது பக்கத்தில் நின்றால்தான் பேசுவது காதில் விழுகிறது. அலுப்பு என்கிறார். அலுப்புதான், வேறென்ன.

ஜனவரி 8, வியாழன்

ஒரு வழி கிடைத்தது. எஸ்டேட் ஷெட்டில் பழைய ட்ரெயிலர் ஒன்று சும்மா கிடக்கிறது. ரப்பர் பால் கேன் ஏற்ற வைத்திருந்தது. ரெண்டு சக்கரம், முன்னால் நீண்ட இரும்புக் கை, அதன் நுனியில் வளையம். கொண்டுபோய் உபயோகியுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மாமனார் ஓட்டின ஜீப் இருக்கிறது. கிழட்டு ஜீப்தான், ஆனால் என் கைக்கு வரும். லைசென்ஸும் உண்டு. ஜீப்பின் பின்னால் ஒரு கொக்கி மட்டும் வேண்டும். வளையத்தை அதில் மாட்டி, கழன்றுவிடாமல் குறுக்கே இரும்புப் பின்னைப் போட்டால் இழுத்துக்கொண்டு போய்விடலாம். நடை கூடுதலானாலும் யாரையும் கெஞ்ச வேண்டாம்.

ட்ரெயிலர் லாரி ஓட்டினவர் வீட்டிலேயே இருக்கிறார், ஒரு கொக்கி மாட்டுவது பெரிய காரியமா என்று நினைத்து சந்தோஷமாக வந்து சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"ட்ரெயிலர் வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன். கிணற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கும் பின்னாலேயே போய்க் கேட்க வாய் இருக்கிறது. போகவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

அவர் வேண்டாம் என்றால் உலகம் நின்றுவிடுமா. ஜீப்பை எடுத்துக்கொண்டு ரசலின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ரசல் நல்ல பையன்தான், ஞாயிற்றுக்கிழமை சபையில் கிட்டார் வாசிப்பான். ஒரு மணி நேரத்தில் பின் பம்பரின் நடுவில் தகடு வைத்து, கொக்கியை வெல்டிங் செய்து, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டான். யானையைக் கட்டி இழுக்கலாம் அக்கா என்றான்.

ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் கேனை அண்ணி வீட்டில் கொண்டு வைத்தேன். எங்கள் ஷெட்டில் இடம் அடைக்கிறது. அவ்வளவு பெரிய ஷெட்டில் ஒரு கேன் இடம் அடைக்குமா என்று அண்ணி கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

ஜனவரி 10, சனி

காலையில் ஜீப்புக்கு அடியிலிருந்து ரெண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. இவர்தான். இந்த ஐந்து மாசத்தில் அந்த ஜீப்பை ஏறெடுத்துப் பார்க்காதவர்.

எழுந்து வந்து, "பம்பரில் நிக்காது" என்றார். பம்பரே ரெண்டு சின்ன போல்ட்டில்தான் தொங்குகிறதாம். இடித்தால் வாங்கிக்கொள்வதற்குப் போட்டது, இழுப்பதற்குப் போட்டது இல்லையாம். இதைச் சொல்வதற்கு வியாழக்கிழமை வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது.

நம்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே காலி ட்ரெயிலரை மாட்டி இழுத்தேன். வாசல் மேட்டில் ஏறும்போது டங் என்றது. இறங்கிப் பார்த்தால் பம்பர் ஒரு பக்கம் கீழே நாக்கைத் தொங்கப்போட்டிருக்கிறது.

அவர் குனிந்து, தொங்குகிற பம்பரைக் கயிற்றால் கட்டிவிட்டு உள்ளே போனார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஜனவரி 12, திங்கள்

ரசல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காலி வண்டிதானே அக்கா, மெதுவாக இழுத்திருக்கலாமே என்றான். ஏற்றிக்கொண்டு போனால் மேடு வராதா என்று கேட்டேன். பிறகு ஒரு யோசனை சொன்னான். ஜீப்புக்கு அடியில் முன்னிருந்து பின்வரை ரெண்டு நீள இரும்பு ஓடுகிறது, அதுதான் சேசிஸ், வண்டியின் முதுகெலும்பு. கடைசியில் அந்த ரெண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு இரும்பு. அதில் கொக்கியைப் போட்டுவிட்டால் அசையாது. சரி போடு என்றேன். போட்டான். மறுபடி கறுப்பு பெயின்ட்.

ஜனவரி 13, செவ்வாய்

மறுபடி ரெண்டு கால்.

இந்த முறை கையில் சுத்தியல். அந்தக் குறுக்கு இரும்பைத் தட்டிக்கொண்டே போனார். ஒரு பக்கம் மணி மாதிரி சத்தம். மறுபக்கம் வந்ததும் சத்தமே செத்துப்போய், நனைந்த பலகையைத் தட்டுவது போல. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்தினார். உள்ளே போய்விட்டது. இரும்புக்குள்ளே. பெயின்டுக்குப் பின்னால் வெறும் துரு. கையில் எடுத்துக் காட்டினார், கருவாட்டுத் தோல் மாதிரி உதிர்ந்தது.

மாமனார் இருக்கும்போது மழைக்காலம் முழுக்க ஜீப்பைக் குளத்தில் இறக்கிக் கழுவுவார். அதன் பலன்.

நான் கேட்டேன், இப்படியே ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு போனால் கடைசியில் ஸ்டியரிங் மட்டும்தான் மிஞ்சும், அப்போது பெட்டியை என் தலையில் வைத்துக்கொண்டு போகட்டுமா என்று. ரொம்ப நேரம் பேசினேன். சொல்லக்கூடாதது ரெண்டு அதில் இருந்தது. ஊர் ஆம்பிளைகள் எல்லாம் வேலைக்குப் போகிறார்கள் என்றது ஒன்று. அவர் சுத்தியலைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தார்.

ரசல் பொங்கல் முடிந்துதான் பட்டறை திறப்பானாம்.

ஜனவரி 17, சனி

சீனிப்பாகு காய்ச்சிப் பெட்டிகளுக்கு வைத்தேன். மூன்று பெட்டியில் தேனீ இல்லை. பசித்தால் பறந்துவிடும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. காலியான பெட்டியைத் திறக்கும்போது மெழுகு வாசனை மட்டும் வரும். அதை எனக்குப் பிடிக்காது.

எதிர்த்த தோட்டத்து மரத்தில் செம்பு நிறத்தில் தளிர் தெரிகிறது. இங்கே வந்தால் மலையில் பத்து நாளில் வந்துவிடும்.

ஜனவரி 18, ஞாயிறு

இவர் சபைக்கு வரவில்லை. வந்து எத்தனை மாசம். போதகர் இன்றைக்கும் கேட்டார். அலுப்பு என்றேன்.

பழைய தேனை வடிகட்டிக் குப்பியில் ஊற்றும்போது, முபாரக் அண்ணனுக்கு ரெண்டு குப்பி எடுத்து வைத்தேன். கடையநல்லூர்க்காரர். ஓமானில் இவரோடு ஒரே லாரியில் வேலை, ஒரே அறையில் படுக்கை. வருஷா வருஷம் இங்கிருந்து தேன் போகும், அங்கிருந்து லீவுக்கு வரும்போது எனக்கு அல்வா வரும். போனில் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். இந்த முறை அவர் வீட்டுக்கே பார்சல் அனுப்பிவிடலாமா என்று இவரிடம் கேட்டேன்.

"இந்த வருசம் வேண்டாம்."

சண்டையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். பிறகு சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அதே நேரம் போன் அடித்தது. திருநெல்வேலிப் பக்கத்து நம்பர், முன்னேயும் வந்திருக்கிறது. எடுக்காமல் கவிழ்த்து வைத்தார்.

மனதில் பல கணக்கு ஓடுகிறது. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

ரசல் பட்டறை திறந்தான். இவரும் என்னோடு வந்தார். நான் கூப்பிடவில்லை.

ரசலிடம் நிதானமாகத்தான் சொன்னார். துருப்பிடித்த குறுக்கு இரும்பை அறுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். கொக்கியின் பாரம் அதில் மட்டும் நிற்கக் கூடாது. ரெண்டு பக்கமும் சேசிஸை ஒட்டியே முழ நீளத் தகடு கொண்டுபோய், துரு இல்லாத நல்ல இரும்பில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். வெல்டிங் வேண்டாம். பழைய சேசிஸில் சூடு பட்டால் வெல்டிங் நிற்கும், அதன் பக்கத்து இரும்பு கீறும்.

ரசலுக்குக் கோபம். அண்ணே, நான் பன்னிரண்டு வருசமா இதுதான் செய்யேன் என்றான். எனக்கும் கோபம், ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். ரெண்டு பேரும் ஜீப்புக்கு அடியில் குனிந்துவிட்டார்கள்.

ஜனவரி 22, வியாழன்

கரண்ட் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

கரண்ட் வந்தது. ரசல் வரவில்லை. அவன் மச்சினன் கல்யாண நிச்சயம்.

ஜனவரி 24, சனி

இதை ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

காலையிலேயே ரசல் ஜீப்பை முடித்து வைத்திருந்தான். குறுக்கு இரும்பு புதுசு. தகடும் ரெண்டு பக்கமும் வைத்திருந்தான். ஆனால் போல்ட் போடுகிற வேலை மெனக்கேடு என்று தகட்டைச் சேசிஸோடு வெல்டிங் செய்து, பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டான். நான் நாளைக்கே முதல் நடை போகலாம் என்று சந்தோஷத்தில் நின்றேன்.

மத்தியானம் இவர் வந்தார். குனிந்து பார்த்தார். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தவர், அந்தப் பெயின்டைக் கொத்த ஆரம்பித்தார். சும்மா கொத்தவில்லை. பாம்பை அடிப்பது போல அடித்தார். ரசல் பயந்து தள்ளி நின்றான். நான் காலைப் பிடித்து இழுத்தேன். உளி வழுக்கி இடது கை பெருவிரல் பக்கம் கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம். அப்போதும் நிறுத்தவில்லை.

ஒருவழியாக வெளியே வந்து பட்டறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். என் முந்தானையை அந்தக் கையில் சுற்றினேன். ரசல் தண்ணி எடுக்கப் போய்விட்டான், நல்லவேளை.

"பெயின்ட் அடிச்சு மூடியிருந்தானுவ" என்றார்.

யார் என்று கேட்டேன்.

பிறகுதான் எல்லாம் வந்தது. ஓமானில் இவர் ஓட்டின லாரியில் ட்ரெயிலரை மாட்டுகிற இடத்தில், சேசிஸில் கீறல் விழுந்திருந்தது. முதலில் பார்த்தது முபாரக் அண்ணன்தான். யார்டில் சொன்னார். மறுநாள் அதன் மேலேயே வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்து, ஓட்டு என்று அனுப்பிவிட்டார்கள். ஜூலையில் ஒரு நாள், மலை ரோட்டில் ஏற்றம். பெரிய பாரம் என்றால் பின்னால் விளக்குப் போட்ட பிக்கப் ஒன்று காவலாக வர வேண்டும். அன்றைக்கு அதை ஓட்டி வந்தது முபாரக் அண்ணன். ஏற்றத்தின் நடுவில் கொக்கி சேசிஸ் இரும்போடு பிய்ந்து வந்துவிட்டது. ட்ரெயிலர் பின்னால் உருண்டது.

இவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அல்வா டப்பா ஒன்று இன்னும் அடுக்களையில் இருக்கிறது, அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.

"அண்ணைக்குக் காலையில ட்ரெயிலர மாட்டினது அவன். பின்னு போடல்ல, அதனாலதான் கழண்டுதுன்னு கம்பெனி சொல்லிப்போட்டு. எனக்கிட்ட கேட்டானுவ, பின்னு போட்டத நீ பாத்தியான்னு. எனக்க பாஸ்போர்ட் அவனுவ கையில. தெரியாதுன்னு சொன்னேன்."

முந்தானை சுற்றின கையைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "போட்டிருந்தான் கிறிஸ்டலே. பூட்டும் போட்டான். நான் கண்ணால பாத்தேன்" என்றார்.

முபாரக் அண்ணன் வீட்டுக்குப் போனது கம்பெனி சொன்ன கதைதான். புருஷன் கவனக்குறைவால் தானும் செத்து வண்டியையும் கெடுத்தான் என்று. போனில் வருகிற அந்த நம்பர் அவருடைய வாப்பாவாம்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஐந்து மாசம் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்றுகொண்டு, நான் என்னென்னவோ நினைத்து, ஆசிட் கேனை அவர் கைக்கு எட்டாமல் அண்ணி வீட்டில் வைத்து, ராத்திரி மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு. அதைச் சொன்னேனா என்றால் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கூட்டி வந்தேன். வழியில் ஒன்றே ஒன்று சொன்னேன், கடையநல்லூர் போக வேண்டும் என்று.

"ம்" என்றார். இது வேறு மாதிரி "ம்".

ஜனவரி 25, ஞாயிறு

கொக்கியை நானே மாட்டித் தருகிறேன் என்றார். ஓட்ட மாட்டாராம். ஓட்டச் சொல்லி யார் கெஞ்சினார்கள்.

ஜனவரி 28, புதன்

கெட்ட வேலை. இரும்பு வேலை போலக் கெட்ட வேலை உலகத்தில் இல்லை.

வெல்டிங்கைப் பூராவும் அறுத்து எடுத்து, சேசிஸைத் தேய்த்து வெறும் இரும்பாக்கினார்கள். இவர் ஒரு கையால், ரசல் ரெண்டு கையால். ரசலிடம் நான் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகு அவன் எதிர்த்துப் பேசவில்லை. தகட்டை வைத்து அடையாளம் போட்டு ஓட்டை போட ஆரம்பித்தால் டிரில் பிட் முறிந்தது. வேறொன்று போட்டால் அதுவும் முறிந்தது. மார்த்தாண்டம் போய் வாங்கி வந்தேன். சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாதாம், பாரம் தாங்குவது அந்த விளிம்புகள்தானாம். பக்கவாட்டில் மட்டும்தான். போல்ட்டை இறுக்கும்போது சேசிஸ் சப்பிப் போகாமல் இருக்க, உள்ளே இரும்புக் குழாய்த் துண்டு வைத்து அதற்குள்ளே போல்ட்டை விட வேண்டும். அந்த நீளத்தில் கெட்டி போல்ட் மார்த்தாண்டத்தில் இல்லை. நாகர்கோவில் போனேன். முதல் கடையில் இருந்தது சாதா போல்ட். ரெண்டாவது கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் இன்னும் ரெண்டு பெட்டி காலி.

ஜனவரி 30, வெள்ளி

முடிந்தது. ரெண்டு பக்கமும் தகடு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெண்டு நட்டு. கொக்கிக்குக் கீழே குறுக்காக ரெண்டு சங்கிலி, கொக்கியே போனாலும் ட்ரெயிலரைப் பிடித்துக்கொள்ள. ட்ரெயிலரில் கருங்கல் ஏற்றி, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற செங்குத்து ஏற்றத்தில் என்னை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். இறங்கி, அடியில் படுத்து விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி இழுக்கச் சொன்னார். மறுபடி. கிளட்ச் கருகுகிற வாசனை வந்தபிறகுதான் விட்டார்.

ரசல் பழக்கத்தில் பெயின்ட் டப்பாவைத் திறந்தான்.

"வேண்டாம். கீறல் விழுந்தா கண்ணுக்குத் தெரியணும்" என்றார் இவர். கிரீஸ் மட்டும் துணியால் மெல்லிசாகப் பூசினார்.

சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினேன். நாளை மாசக் கடைசி, ஞாயிறு வேலை இல்லை, திங்கள் விடியும்போது பெட்டி நின்றால் சரி, இல்லாவிட்டால் களியல்காரர் என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

நேற்று அந்தியில் ஈ எல்லாம் அடைந்தபிறகு பெட்டி வாசல்களை அடைத்தோம். விடிகாலையில் கிளம்பினோம். முதல் நடைக்கு இருபத்தைந்து பெட்டி. பாரம் சக்கரத்துக்கு மேலேயும், கொஞ்சம் முன்னால் தள்ளியும் இருக்க வேண்டும் என்று இவர் அடுக்கினதைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார். நான் நேரம் ஆகிறது, நேரம் ஆகிறது என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

ஜீப்பில் ஏறுங்கள் என்றால் ஏறவில்லை. ரசலின் பைக்கை வாங்கி வைத்திருந்தார். பின்னால் வருகிறேன் என்றார். தையல் பிரிக்காத கையோடு.

கொஞ்ச தூரம் போனதும் ஹார்ன் அடித்து நிறுத்தினார். ஸ்பானரோடு அடியில் போனார். புதுசில் கொஞ்சம் இளகும் என்று எல்லா நட்டையும் ஒரு முறை முறுக்கினார். பெட்டிக்குள் ஈ இரைகிறது. அதிக நேரம் அடைத்து வைத்தால் சூட்டில் மெழுகு உருகி எல்லாம் சாகும். எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. கடையால் ஊரைத் தாண்டினதும் மறுபடி நிறுத்தினார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எஸ்டேட்டுக்குக் கீழே அந்தக் கொண்டை ஊசி ஏற்றம். முதல் கியரில் ஜீப் முனகிக்கொண்டு ஏறுகிறது. கண்ணாடியில் பார்த்தேன். ட்ரெயிலருக்கு ஒட்டினாற்போலப் பைக் விளக்கு. ஒரு ஜீப் நீளம்கூட இடைவெளி இல்லை. ரோட்டின் நடுவில், நேர் பின்னால்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது யார் நின்ற இடம் என்று.

பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, தலையை வெளியே நீட்டினேன். பின்னால் வராதீங்க, முன்னால போங்க என்று சொன்னேன்.

"நான் பின்னாலதான் வருவேன். நீ ஏத்து" என்றார்.

ஏற்றினேன். என்ன செய்வது, பாதி ஏற்றத்தில் நின்றுகொண்டு சண்டை போட முடியுமா. அந்த ஏற்றம் முழுக்க நான் முன்னால் ரோட்டைப் பார்த்தது குறைவு. கொக்கி கிறீச் என்றுகூடச் சொல்லவில்லை.

மேலே போய் மரத்துக்கு மரம் பெட்டியை வைத்து வாசலைத் திறந்துவிட்டோம். வெயில் வரும்போது ஈ வெளியே வந்து பெட்டியைச் சுற்றி வட்டம் போட்டு இடத்தைப் படித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் இவர் சருகின் மேல் மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். வாய் திறந்திருக்கிறது. குறட்டை. எழுப்பவில்லை.

சூப்பர்வைசர் வந்து, முதல் தளிர்த் தேன் போய்விட்டது, பத்து நாள் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார். தெரியும் என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மீதிப் பெட்டியும் ஏறியாகிவிட்டது. போன வருஷம் எடுத்ததில் பாதித் தேன் கிடைத்தால் அதிகம். எரிச்சலாகத்தான் இருக்கிறது. இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

நாளைக்குப் போகலாம் என்று இவரே சொன்னார். சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். அந்த நம்பருக்குப் போன் பண்ணினாரா என்று கேட்டேன். நேரில் போய்ச் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லக் கூடாது என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

நாகர்கோவில், திருநெல்வேலி, தென்காசி என்று பஸ் மாறி மாறி, கடையநல்லூர் போய்ச் சேரும்போது ஜும்மா முடிந்துவிட்டது. வழி முழுக்க இவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் இல்லாமல். ஒத்திகை போல.

முபாரக் அண்ணனின் வாப்பா மைதீன் பிச்சை, மெலிந்த உயரமான மனிதர், வாசலிலேயே நின்றார். பேர் சொன்னதும் உள்ளே கூப்பிட்டார். அண்ணன் மனைவி சபுரா கதவை ஒட்டி நின்றுகொண்டாள். என்னைவிட வயசில் குறைந்தவள். நான் நினைத்திருந்த முகம் இல்லை.

இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கீறல், வெல்டிங், பெயின்ட், ஏற்றம். சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொன்னார். அந்த அறைக்குள்ளேயே பாதி கேட்கவில்லை, அவ்வளவு சின்னக் குரல்.

யாரும் அழவில்லை. சபுரா கேட்டாள்.

"இத சொல்லதுக்கு இத்தனை மாசமா?"

ஆமாம் என்றார் இவர். வேறு சமாதானம் சொல்லவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பாஸ்போர்ட் அவர்கள் கையில் என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"எம் புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பேரே அதான்க்கா. பின்னு போடாதவன் மவன்" என்றாள். "அவுக வீட்டுக் கதவப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்குற மனுசன். நான் சொன்னா யாரு கேக்கா."

பெரியவர் எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இவர் மணிக்கட்டைப் பிடித்தார். முக்குச் சாயாக்கடையில்தான் ஊர் பூராவும் உட்கார்ந்து அந்தக் கதையைப் பேசினது, என்னிடம் சொன்னது போதாது, அங்கே வந்து சொல்லுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது போலக் கூட்டிக்கொண்டு போனார். நாளைக்கு வக்கீலிடம் வர வேண்டும் என்று நடந்துகொண்டே சொல்வது கேட்டது. இவர் சரி என்றார்.

நானும் சபுராவும் மட்டும் வீட்டில். அவள் உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நானும் கொஞ்சம் தள்ளி நின்றேன். கடை தெரியவில்லை, சந்து திரும்பிவிடுகிறது. சத்தம் மட்டும் வந்தது. நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ யார் இவர் என்று கேட்கிற சத்தம். பிறகு அமைதி. தொடங்குகிறார் என்று தெரிந்தது, வார்த்தை புரியவில்லை. யாரோ கேட்கவில்லை என்றார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி யாரோ குறுக்கே கேட்டார்கள்.

அப்போது அந்தக் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த குரல், ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற குரல். சந்து தாண்டி வீட்டுக்குள் வந்தது.

"பின்னு போட்டிருந்தான். முபாரக் பின்னு போட்டிருந்தான். நான் பாத்தேன்."

சபுரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலேயே சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லுங்கக்கா."

நான் செருப்பைக்கூடப் போடாமல் சந்துக்கு ஓடினேன்.